பூஞ்சண வளர்ப்பில் தாவர ஊடகங்கள்

பச்சையம் இல்லாமையால் தனக்கு வேண்டிய உணவைத் தானே ஆக்கிக்கொள்ள மாட்டாமல், உதிர்ந்த இலையிலோ உளுத்த கட்டையிலோ உயிருள்ள பயிரின் உடலிலோ தன் நுண்ணிய இழைகளைச் செலுத்தி, அங்குள்ள மாவையும் சர்க்கரையையும் புரதத்தையும் கரைத்து உறிஞ்சி வாழும் பூஞ்சணத்தை, அதன் இயற்கையான இருப்பிடத்திலிருந்து பிரித்தெடுத்துக் கண்ணாடித் தட்டில் தனியே வளர்த்துப் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் தோன்றிய நாள் முதலாகவே, அதற்கு எதை உணவாக இடுவது என்ற கேள்வியும் உடன் தோன்றிவிட்டது. அந்தக் கேள்விக்கு நம் காலத்து ஆய்வுக்கூடங்கள் பெரும்பாலும் கூறும் விடை, கம்பெனிகள் தூளாக்கிப் புட்டியில் அடைத்து விற்கும் நியமமான ஊடகங்களே. அவற்றின் விலை சிறிய கல்லூரிகளுக்கும் பயிர்நோய் நிலையங்களுக்கும் எட்டாத உயரத்தில் நிற்பதால், மரவள்ளி, பயறு, சோளம், தேங்காய் முதலிய தாவரப் பதார்த்தங்களைக் கொண்டு மாற்று ஊடகங்கள் அமைக்கும் முயற்சி, வெப்பநாடுகள் பலவற்றில் தொடர்ந்து நடைபெற்றுவருகிறது. இம்முயற்சியை மலிவு என்ற ஒரே அளவுகோலைக் கொண்டு எடைபோடுவது அதற்கு நியாயம் செய்வதாகாது என்பது என் உறுதியான கருத்து. தாவர ஊடகங்களில் சில, பணம் மிகுந்த ஆய்வுக்கூடங்களிலும் வேறெதனாலும் ஈடுசெய்ய முடியாதவையாக விளங்குகின்றன. வேறு சில, எவ்வளவு மலிவாயினும் ஏற்கத் தகாதவை. இவ்விரண்டையும் பிரித்துணர்வதற்கு, நியமமான ஊடகம் என்பது எப்படி உண்டாயிற்று என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

நுண்ணுயிரியலின் ஆரம்ப காலத்தில் நியமம் என்று ஒன்று இல்லை. 1870-களில் ஜெர்மானிய அறிஞர்கள், வேகவைத்த உருளைக்கிழங்கின் வெட்டிய முகத்திலும் மாவுக் களியிலும் நுண்ணுயிர்கள் தனித்தனிக் கூட்டங்களாக வளர்வதைக் கண்டிருந்தனர். ராபர்ட் கோக் 1881-இல் தம் பரிசோதனைகளை வெளியிட்டபோது, உருளைக்கிழங்கு வில்லைகளோடு, ஊட்டநீரில் கரைத்து உறையவைத்த ஜெலட்டினையும் கையாண்டார். ஆனால் விலங்குகளின் எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் எடுக்கப்படும் ஜெலட்டின் முப்பது பாகை வெப்பத்துக்குள்ளாகவே இளகி ஓடிவிடும். போதாக்குறைக்குப் பல நுண்ணுயிர்கள் அதையே தின்று நீராக்கிவிடும். இந்தச் சங்கடத்தைத் தீர்த்தவர் விஞ்ஞானப் பட்டம் எதுவும் பெறாத ஒரு குடும்பப் பெண்மணி. கோக்கின் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய வால்தர் ஹெஸ்ஸெயின் மனைவியாராகிய பான்னி ஹெஸ்ஸெ, ஜாவாவில் வாழ்ந்திருந்த டச்சுக்காரர் வழியாகத் தாம் அறிந்து, கோடையிலும் இளகாத பழக்கூழ் செய்வதற்குப் பயன்படுத்திவந்த கடற்பாசிப் பொருளாகிய அகாரைத் தம் கணவருக்கு எடுத்துச் சொன்னார். எண்பத்தைந்து பாகையில் இளகி, நாற்பதுக்குக் கீழே குளிர்ந்தால்தான் உறையும் அந்த அபூர்வ குணமும், மிகச் சில உயிர்களைத் தவிர வேறெவையும் அதைச் சீரணிக்க மாட்டாமையும் சேர்ந்து, அன்று முதல் இன்று வரை அகாருக்கு நிகரில்லை என்னும்படி செய்துவிட்டன.

இதிலிருந்து நாம் கவனிக்க வேண்டியது, தாவர ஊடகம் என்பது நியமத்துக்கு எதிராக இன்று கிளம்பிய புதுமையன்று என்பதே. உலகெங்கும் பூஞ்சணவியலார் இன்றும் மிகுதியாகக் கையாளும் உருளைக்கிழங்கு டெக்ஸ்ட்ரோஸ் அகார் என்பது, இருநூறு கிராம் உருளைக்கிழங்கை வேகவைத்து வடித்த நீரில் இருபது கிராம் டெக்ஸ்ட்ரோசும் பதினைந்து முதல் இருபது கிராம் அகாரும் சேர்த்து ஒரு லிட்டராக்கியதுதான். அதன் உணவும் நிலத்துத் தாவரம், உறைபொருளும் கடல்வாழ் தாவரம். பார்லி முளையிலிருந்து எடுக்கும் மால்ட் ஊடகமும், ஓட்ஸ் கஞ்சி ஊடகமும், மக்காச்சோள மாவு ஊடகமும் இவ்வகையினவே. ஆகவே நம் ஊர்க் கிழங்கைக் கொண்டு ஊடகம் செய்வோர், நியமத்தின் மூலமான வழியையே தம் நிலத்தில் பின்பற்றுகிறார்கள் என்று கொள்வதே பொருத்தம்.

எனினும் அதற்கு நேர்மாறான ஒரு போக்கும் விஞ்ஞானத்தில் எழுந்தது; அதன் நியாயத்தையும் மறைக்காமல் கூற வேண்டும். கிழங்குக்குக் கிழங்கு சத்து மாறுமாதலால், இன்ன உப்பு இத்தனை கிராம், இன்ன சர்க்கரை இத்தனை கிராம் என்று ஒவ்வொரு வஸ்துவும் அறியப்பட்ட ஊடகம் வேண்டும் என்று கருதியோரின் உழைப்பால், சாப்பெக் 1902-இல் அமைத்ததும் டாக்ஸ் 1910-இல் திருத்தியதுமான ஊடகம் உண்டாயிற்று. லிட்டருக்கு முப்பது கிராம் கரும்புச் சர்க்கரையும், நைட்ரஜனுக்காகச் சோடியம் நைட்ரேட்டும், பாஸ்பேட், மக்னீசியம், பொட்டாசியம், இரும்பு ஆகிய சில உப்புகளும் மட்டுமே அடங்கிய அதில் வளர்ந்த தோற்றத்தைக் கொண்டே, ஆஸ்பர்ஜில்லஸ், பெனிசிலியம் ஆகிய இரு பேரினங்களின் இனப்பாகுபாடு பெரும்பாலும் நிறுவப்பட்டது. மனிதரின் தலைப்படையையும் படர்தாமரையையும் ஆராய்ந்த பாரிஸ் நகரத்து வைத்தியர் சபூரோ, பெப்டோனும் சர்க்கரையும் கலந்த அமிலத்தன்மையுள்ள தம் ஊடகத்தை வகுத்தபோது, ஒரே ஊடகத்தில் வளர்த்தாலன்றி ஒருவர் கண்ட பூஞ்சணத்தை மற்றொருவர் கண்டதோடு ஒப்பிட இயலாது என்பதையே முக்கியமாக வற்புறுத்தினார். 1941-இல் பீடிலும் டேட்டமும் நியூரோஸ்போரா என்னும் பூஞ்சணத்தைச் சர்க்கரையும் உப்புகளும் பயோட்டின் என்ற ஒரே ஒரு வைட்டமினும் மட்டும் கொண்ட ஊடகத்தில் வளர்த்து, மரபணுவுக்கும் என்சைமுக்கும் உள்ள சம்பந்தத்தை வெளிப்படுத்தினார்கள். அவர்கள் உருளைக்கிழங்கு நீரைக் கையாண்டிருந்தால், எந்தச் சத்தை ஆக்கும் ஆற்றலை அந்தப் பூஞ்சணம் இழந்தது என்பதைக் காணவே முடிந்திராது. ஏனெனில் இழந்த சத்தையும் கிழங்கே கொடுத்துவிட்டிருக்கும்.

இனி மாற்று ஊடக முயற்சிகளுக்கு வருவோம். நைஜீரியாவில் மரவள்ளியும் மற்றக் கிழங்கு வகைகளும் உருளைக்கிழங்கின் இடத்தில் வைத்துச் சோதிக்கப்பட்டன. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள், 2010-களில், பயறு வகைகளின் மாவைப் புரத ஆதாரமாகக் கொண்டு ஊடகங்கள் அமைத்து, அவற்றில் பூஞ்சணங்களும் பாக்டீரியங்களும் வளரும் திறத்தை ஆராய்ந்து வெளியிட்டனர். புறத்திலிருந்து வரும் ஆய்வுக்கூடப் பொருள்கள் அருமையாகிப்போன நெடும்போரின் துயரங்களைக் கண்ட ஒரு நிலப்பகுதியில், சந்தையில் கிடைக்கும் பயற்றைக் கொண்டு விஞ்ஞானக் கல்வி நடைபெறும்படி செய்வது எத்தனை பெரிய உபகாரம் என்பதை நான் விரித்துரைக்க வேண்டியதில்லை.

கிழங்குக்கும் பயற்றுக்கும் உள்ள வேறுபாடு இங்கே முக்கியமானது. மரவள்ளிக் கிழங்கில் மாவு மிகுதி, புரதமோ நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்குதான். பயறு வகைகளிலோ புரதம் நூற்றுக்கு இருபதுக்கு மேல். பூஞ்சணத்தின் உடல் வளர்ச்சிக்குக் கரியும் நைட்ரஜனும் ஒன்றுக்கொன்று ஏற்ற விகிதத்தில் வேண்டுமாதலால், கிழங்கை மட்டும் இட்ட ஊடகத்தில் நைட்ரஜன் வறுமையும், பயற்றை மட்டும் இட்டதில் அதன் மிகுதியும் நேரும். இரண்டையும் அளவறிந்து சேர்ப்பதே அறிவுடைமை. கிழங்கையும் பயற்றையும் தனித்தனியே சோதித்து, எது சிறந்தது என்று தீர்ப்புக் கூறும் கட்டுரைகள் பல இருக்க, அவற்றின் கலவையைப் படிப்படியாக மாற்றிப் பார்த்தவை குறைவாயிருப்பது வருந்தத்தக்கது. மரவள்ளியைக் கையாளுவோர், அதில் சயனைடை விடுவிக்கும் வஸ்து உண்டென்பதையும், தோல் நீக்கி, வேகவைத்து, நீரை வடித்துவிடுதல் அவசியமென்பதையும் மறக்கலாகாது. உருளைக்கிழங்கிலும், வெயில் பட்டுப் பச்சை பாரித்த கிழங்குகளில் பூஞ்சணத்தை ஒடுக்கும் சோலனின் என்னும் நஞ்சு மிகுமாதலால், அவற்றை ஒதுக்கிவிட வேண்டும்.

இவ்வகை ஆய்வுகளில் காணப்படும் ஒரு பெருங்குறையைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். தட்டின் நடுவில் பூஞ்சணத்தை இட்டு, ஐந்தாம் நாளோ ஏழாம் நாளோ அதன் குறுக்களவை மில்லிமீட்டரில் அளந்து, அகன்று பரவியதே நன்கு வளர்ந்தது என்று முடிவு செய்வது பொதுவான வழக்கம். ஆனால் பூஞ்சணத்தின் சுபாவம் அறிந்தோர், இந்த அளவு எவ்வளவு எளிதில் ஏமாற்றக்கூடியது என்பதை அறிவார்கள். உணவே இல்லாத வெறும் அகாரிலும் பூஞ்சணம் விரைந்து பரவும். ஏனெனில் பசித்த இழைகள் கிளை விடாமல் உணவைத் தேடி முன்னோக்கி ஓடுகின்றன. உணவு மிகுந்த இடத்தில் அதே பூஞ்சணம் அடர்ந்து கிளைத்து, தடித்த மெத்தைபோல் எழுமேயன்றி அத்தனை அகலம் ஓடாதிருக்கலாம். ஆகவே குறுக்களவு ஒன்றை மட்டும் காட்டி, நம் பயற்று ஊடகம் நியமமான ஊடகத்தை விஞ்சிற்று என்று கூறுவது, பயற்றின் வளத்தைக் காட்டுகிறதோ வறுமையைக் காட்டுகிறதோ என்று நமக்குத் தெரியாது. நீர்ம ஊடகத்தில் வளர்த்து, வடிகட்டி, உலர்த்தி, இழைத்தொகுதியின் எடையைக் காண வேண்டும். தட்டில் வளர்த்ததாயின் அதன் அடர்த்தியையும் நிறத்தையும் எழுத வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, வித்துகள் உண்டாயினவா, எத்தனை உண்டாயின என்று எண்ணிச் சொல்ல வேண்டும்.

வித்துகளைப் பற்றிப் பேசும்போதுதான் தாவர ஊடகங்களின் மெய்யான பெருமை வெளிப்படுகிறது. பூஞ்சணத்தை இன்னதென்று இனங்காண்பவனுக்கு இழைகள் பெரும்பாலும் உதவா. வித்துகளின் உருவமும், அவை தோன்றும் காம்பின் அமைப்புமே அடையாளம். உணவு வளம் குன்றும்போதுதான் பூஞ்சணம் வளர்ச்சியைவிட்டு இனப்பெருக்கத்தில் திரும்புகிறது என்ற பேருண்மையைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே ஜார்ஜ் கிளெப்ஸ் நிலைநாட்டினார். அதன்படி, சர்க்கரை மிகுந்த நியமமான ஊடகத்தில் வெறும் பஞ்சாக வளர்ந்து கிடக்கும் பூஞ்சணம், ஓட்ஸ் ஊடகத்துக்கோ அரிசித்தவிட்டு ஊடகத்துக்கோ மாற்றப்பட்டால் வித்து விடுவதை எத்தனையோ ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். நெல்லின் குலைநோய்ப் பூஞ்சணம் இதற்கு நம் வயலிலேயே கிடைக்கும் சான்று.

பியூசேரியம் என்ற பேரினத்தின் வரலாறு இதனினும் போதனை மிக்கது. பருத்தியிலும் வாழையிலும் வாடல் நோயை உண்டாக்கும் இப்பேரினத்தின் இனங்கள், உருளைக்கிழங்கு டெக்ஸ்ட்ரோஸ் அகாரில் அழகான செந்நிறமும் ஊதாநிறமும் காட்டினும், அங்கே தோன்றும் பிறைவடிவ வித்துகள் அளவிலும் உருவிலும் ஒழுங்கின்றி மாறுபட்டு, இனங்காண்போரை நெடுங்காலம் தடுமாற வைத்தன. மேலும் அவ்வூடகத்தில் திரும்பத் திரும்ப வளர்த்தால், பூஞ்சணம் தன் இயல்பு திரிந்து சீரழிந்தும்விடும். 1982-இல் பிஷர், பர்ஜஸ், டூசூன், நெல்சன் ஆகியோர் கார்னேஷன் என்னும் பூச்செடியின் இலையைச் சிறு துண்டுகளாக நறுக்கி, உலர்த்தி, காமாக் கதிரால் தூய்மையாக்கி, வெறும் அகார் மேல் பதித்து, அதில் பியூசேரியத்தை வளர்க்கும் முறையை வெளியிட்டார்கள். சர்க்கரை கிடையாது, பெப்டோன் கிடையாது. இலைத்துண்டு ஒன்றே உணவு. அந்த இலையின் மேல் பூஞ்சணம் வயலில் எப்படி வித்து விடுமோ அப்படியே, ஒரே அளவும் ஒரே வடிவமுமான வித்துகளைக் குவியலாக உண்டாக்கிற்று. பியூசேரியம் ஆராயும் கூடங்களில் இன்று இம்முறையை அறியாதது ஒன்றுமில்லை. இலையை வெப்பத்தால் வேகவைக்காமல் கதிரால் தூய்மையாக்கியதும், பூச்சிமருந்து படாத செடியிலிருந்து இலையைக் கொய்ததும் இம்முறையின் வெற்றிக்கு இன்றியமையாத நுட்பங்கள் என்பதையும் குறிப்பிட வேண்டும்.

உருளைக்கிழங்கின் கருகல் நோய்க்குக் காரணமாகி, 1845 முதலான ஆண்டுகளில் அயர்லாந்தைப் பஞ்சத்தில் ஆழ்த்திய பைட்டாப்தோராவின் விஷயமும் இங்கே நினைவுகூரத் தக்கது. அது பூஞ்சணத்தைப் போன்ற உயிரேயன்றி மெய்யான பூஞ்சணமன்று என இன்று தெளிந்திருந்தாலும், பூஞ்சணவியலாரின் தட்டிலேயே வளர்க்கப்பட்டுவருகிறது. ஸ்டெரால் எனப்படும் கொழுப்பினப் பொருளைத் தானே ஆக்கிக்கொள்ள இயலாத அவ்வுயிர், இனவித்துகளை விடுவதற்கு அப்பொருளை வெளியிலிருந்து பெற வேண்டும். உப்பும் சர்க்கரையும் மட்டும் கொண்ட ஊடகத்தில் அதற்கு வழியில்லை. தாவரத்தின் ஒவ்வோர் அணுவறையிலும் ஸ்டெரால் உண்டாதலால், ரை தானிய ஊடகமும், காரட் ஊடகமும், தக்காளி முதலிய காய்களின் சாற்றைக் கால்சியம் கார்பனேட்டால் அமிலம் தணித்துச் செய்யும் ஊடகமும் அதன் குறையைத் தீர்த்தன. இப்படியே, 1934-இல் ஷாப்பர் என்ற சுவிஸ் அறிஞர், பைக்கோமைசிஸ் என்னும் பூஞ்சணம் தையமின் வைட்டமின் இன்றி வளராது என்று காட்டியபோது, தானியத் தவிடும் கிழங்கு நீரும் அதுகாறும் செய்துவந்த மறைவான உபகாரம் என்னவென்று விளங்கிற்று. தாவரச் சாற்றில் நாம் பெயரறியாத பொருள்கள் இருப்பது அதன் குறை என்று நியமவாதிகள் கூறுவர். அந்தப் பொருள்களே அதன் நிறைவும் ஆகின்றன என்பதற்கு இவை சான்றுகள்.

வளர்ப்பதோடு நில்லாமல், பூஞ்சணத்தை அடையாளம் காட்டிக்கொடுக்கும் ஊடகங்களும் தாவரங்களிலிருந்தே கிடைத்திருப்பது எனக்கு எப்போதும் வியப்பை விளைவிப்பது. புறாக்களின் எச்சம் படிந்த இடங்களில் வாழ்ந்து, மனிதரின் நுரையீரல் வழியாக மூளைச் சவ்வை அடைந்து, உடலின் எதிர்ப்பாற்றல் குன்றியோரைக் கொல்லும் கிரிப்டோகாக்கஸ் என்ற ஈஸ்ட் வகையை, அதை ஒத்த எண்ணற்ற தீங்கற்ற ஈஸ்ட்டுகளிலிருந்து பிரித்தறிவது நெடுநாள் கடினமாயிருந்தது. ஜெர்மானியராகிய ஸ்டைப் 1962-இல், கூண்டுப் பறவைகளுக்கு இரையாக இடும் பேயெள்ளு விதையின் சாற்றைக் கொண்டு செய்த ஊடகத்தில், கிரிப்டோகாக்கஸின் கூட்டங்கள் மட்டும் பழுப்பு நிறம் அடைவதைக் கண்டறிந்தார். இதற்குக் காரணம், அவ்விதையில் உள்ள காபிக் அமிலம் முதலிய பீனால் பொருள்களை, அந்த ஈஸ்ட்டின் என்சைம் மெலனினாக மாற்றிவிடுவதே. மற்ற ஈஸ்ட்டுகள் வெண்மையாகவே நிற்க, கொல்லும் ஈஸ்ட் ஒன்று மட்டும் தன் நிறத்தால் தன்னைக் காட்டிக்கொடுக்கிறது. எத்தியோப்பியாவைத் தாயகமாகக் கொண்டதும், நம் நாட்டின் மலைச்சரிவுகளில் எண்ணெய்க்காகப் பயிரிடப்படுவதுமான ஓர் எளிய விதை, உலகத்து மருத்துவக் கூடங்கள் பலவற்றிலும் நோயறியும் கருவியாயிற்று. அதுபோலவே, கேண்டிடா ஆல்பிகன்ஸ் என்ற ஈஸ்ட் தன் தடித்த சுவர்கொண்ட வித்துகளைக் காட்டுவதற்கு, வளமான சபூரோ ஊடகத்தைவிட, மக்காச்சோள மாவோ அரிசியோ கொண்டு செய்த வறிய ஊடகமே ஏற்றது.

தேங்காயின் கதை நமக்கு இன்னும் அணுக்கமானது. 1960-இல் இங்கிலாந்தில் லட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் இனந்தெரியாத நோயால் மாண்டபோது, அவற்றுக்கு இரையாக இட்ட பிரேசில் நாட்டு நிலக்கடலைப் பிண்ணாக்கில் வளர்ந்திருந்த ஆஸ்பர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்ற பூஞ்சணம் கக்கிய அஃப்ளாடாக்சின் என்னும் நஞ்சே காரணம் என்பது பின்னர் வெளியாயிற்று. எந்தப் பூஞ்சணம் நஞ்சு கக்கும், எது கக்காது என்று அறிவது அதன்பின் உயிர்ப்பிரச்சினையாயிற்று; ஏனெனில் ஒரே இனத்திலேயே இரு வகையும் உண்டு. இலங்கையில் பேராதனையிலிருந்து அர்சகுலரத்னவும் அவர் குழுவினரும் 1969-இல் வெளியிட்ட ஆய்வு, இந்நஞ்சைப் பரிசோதனைக்காக உண்டாக்குவதற்குத் தேங்காய் தக்க ஊடகம் என்று காட்டிற்று. கொழுப்பு மிகுந்த விதைகளில் இந்நஞ்சு தாராளமாக உண்டாகும்; தேங்காயோ அதோடு சர்க்கரையும் புரதமும் தானே கொண்டுள்ளது. தேங்காய்ப்பால் கலந்து செய்த அகாரில் வளர்த்து, புறஊதா விளக்கின் கீழ்த் தட்டைக் கவிழ்த்துப் பார்த்தால், நஞ்சு கக்கும் கூட்டத்தைச் சுற்றி நீல ஒளி வீசும். விலையுயர்ந்த கருவிகள் இல்லாத கூடமும், தேங்காயும் விளக்கும் கொண்டு, களஞ்சியத்து நிலக்கடலையில் ஆபத்து உண்டா என்று முதற்கட்டமாகச் சோதித்துக்கொள்ள இயலும்.

தொழில்துறையில் தாவர ஊடகத்தின் வெற்றியை ஒரே நிகழ்ச்சியால் கூறிவிடலாம். 1941-இல் ஆக்ஸ்போர்டிலிருந்து அமெரிக்காவின் பியோரியா நகரத்து ஆராய்ச்சிச்சாலைக்குப் பெனிசிலின் கொண்டுசெல்லப்பட்டபோது, மக்காச்சோளத்திலிருந்து மாவு எடுக்கும் ஆலைகளில் கழிவாக மிஞ்சிய ஊறல்நீரை ஊடகத்தில் சேர்த்ததும் மருந்தின் விளைவு பன்மடங்கு பெருகிற்று. அதில் கலந்திருந்த ஒரு பொருள் பெனிசிலின் ஜி என்ற வகையின் மூலக்கூற்றுக்கு முன்னோடியாக அமைந்ததும் பின்னர் தெரியவந்தது. நம் நாட்டில், கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகம் சிப்பிக் காளானுக்கும் பால் காளானுக்கும் விதை தயாரிக்கச் சோளத்தை அரைவேக்காடாக வேகவைத்து, நூற்றுக்கு இரண்டு பங்கு கால்சியம் கார்பனேட் கலந்து பயன்படுத்தும் முறையும், வேரழுகல் நோயைத் தடுக்கும் டிரைகோடெர்மாவைச் சர்க்கரைப்பாகுக் கழிவும் ஈஸ்ட்டும் மட்டும் கொண்ட நீர்மத்தில் பெருக்கும் முறையும் உழவர்வரை எட்டியிருக்கின்றன.

இனித் தாவர ஊடகத்தின் குறைகளைக் கூறாமல் விடுவது உண்மைக்கு மாறாகும். முதலாவது, ஒரே பெயருள்ள பொருள் ஒரே தன்மையுடையதாய் இராமை. குளிர்ந்த கிடங்கில் வைத்த உருளைக்கிழங்கில் மாவு சர்க்கரையாக மாறும். கோடையில் விளைந்த பயற்றுக்கும் மழைக்காலத்துப் பயற்றுக்கும் சத்து வேறு. எந்த ரகம், எங்கே வாங்கியது, எத்தனை காலம் வைத்தது, எத்தனை நிமிஷம் வேகவைத்தது, வடித்த நீரின் அமிலநிலை என்ன என்று எழுதிவைக்காத ஆய்வை மற்றொருவர் திரும்பச் செய்ய இயலாது. திரும்பச் செய்ய இயலாத ஆய்வு விஞ்ஞானமாகாது. ஒரே முறையில் பெருந்தொகுதியாக வாங்கி, உலர்த்திப் பொடித்து, காற்றுப் புகாமல் வைத்து ஆண்டு முழுதும் கையாண்டால் இக்குறையில் பெரும்பகுதி நீங்கும். இரண்டாவது, மாவு மிகுந்த கலவை கொதியில் கூழாகித் தடிப்பதால், அதன் உட்பகுதிக்கு வெப்பம் எளிதில் புகாது. 121 பாகையில் பதினைந்து நிமிஷம் என்ற வழக்கமான கணக்கை நம்பினால், கட்டியினுள் தங்கிய பாக்டீரிய வித்துகள் மூன்றாம் நாள் தட்டெங்கும் முளைத்து நிற்கும். மூன்றாவது, பூஞ்சணக் கொல்லி மருந்துகளின் ஆற்றலை மருத்துவத்துக்காக அளவிடும் சோதனைகளில் தாவர ஊடகத்துக்கு இடமே இல்லை. தாவரத்தின் பீனால்களும் எண்ணெய்களும் மருந்தோடு கலந்து அளவைத் திரித்துவிடக்கூடும். ஒரு நோயாளியின் உயிர் அந்த அளவைச் சார்ந்திருக்கும்போது, ஆர்.பி.எம்.ஐ. 1640 என்ற, ஒவ்வொரு பொருளும் அளந்திட்ட செயற்கை ஊடகத்தையே கையாள வேண்டும். இங்கே மலிவைப் பேசுவது பாவம்.

எஞ்சியிருப்பது உறைபொருளின் பிரச்சினை; உணவைவிட இதுவே கடினமானது என்பதை மாற்று ஊடகம் பற்றி எழுதுவோர் பலரும் கவனியாமல் விடுகின்றனர். கிழங்கும் பயறும் கொண்டு உணவின் செலவை எவ்வளவு குறைத்தாலும், லிட்டருக்குப் பதினைந்து கிராம் அகார் இட்டே ஆக வேண்டுமானால், செலவின் பெரும்பகுதி அப்படியே நிற்கும். அகாரின் வரவும் நிச்சயமானதன்று. இரண்டாம் உலக யுத்தத்தில், அதுவரை உலகுக்கு அகார் அளித்துவந்த ஜப்பானிடமிருந்து வரத்து நின்றபோது, மற்ற நாடுகள் தத்தம் கடற்கரைகளில் பாசி தேடத் தொடங்கின. 2015-இலும், மொராக்கோ தன் கடற்பாசியின் அறுவடைக்கும் ஏற்றுமதிக்கும் வரம்பு விதித்ததால், ஆய்வுக்கூட அகாருக்கு உலகெங்கும் தட்டுப்பாடு நேர்ந்தது. மன்னார் வளைகுடாவில் இராமநாதபுரம் மாவட்டக் கரையோரத்துப் பெண்கள், கடலில் மூழ்கி மரிக்கொழுந்துப் பாசியையும் கஞ்சிப் பாசியையும் பாறைகளிலிருந்து பறித்துக் கரைசேர்க்கிறார்கள். அப்பாசிகளிலிருந்தே நம் நாட்டு அகார் பெரிதும் எடுக்கப்பட்டுவந்தது. இருபத்தொரு தீவுகளைச் சூழ்ந்த அக்கடல் 1986 முதல் தேசியப் பூங்காவாகக் காக்கப்படுவதால், பாசி பறிப்பதற்குத் தடைகளும், அதனால் அப்பெண்களின் பிழைப்புக்கு இடையூறுகளும் உண்டாகியிருக்கின்றன. பாசியும் வற்றாமல், பறிப்போரும் வாடாமல் அகார் கிடைக்க வேண்டுமானால், எங்கே அகார் தேவையோ அங்கே மட்டும் அதைச் செலவிடும் சிக்கனம் ஆய்வுக்கூடங்களுக்கு வேண்டும்.

அகாருக்கு மாற்றாக நிலத்துத் தாவரங்களிலிருந்து எடுக்கும் பொருள்களைத் தில்லிப் பல்கலைக்கழகத்துத் தாவரவியலார் பல ஆண்டுகள் ஆராய்ந்தனர். குஜராத்திலும் ராஜஸ்தானிலும் விளையும் இசப்கோல் விதையின் உமி, நீரில் ஊறிக் கூழாவதை அறியாத வீடில்லை; அதை உறைபொருளாகக் கொண்டு தாவரத் திசுக்களை வளர்க்கலாம் என்று 1990-களில் அவர்கள் காட்டினர். கொத்தவரை விதையின் பிசின் பூஞ்சணங்களையும் பாக்டீரியங்களையும் வளர்ப்பதற்கு ஏற்றது என்பதையும் 2005-இல் வெளியிட்டனர். இப்பொருள்களில் தொல்லைகள் இல்லாமல் இல்லை. இசப்கோல் கூழ் கலங்கலானதாகையால், தட்டின் அடிப்புறத்திலிருந்து நுண்பெருக்கியால் நோக்குவது கடினம். கொத்தவரைப் பிசினோ அகாரைப் போல் தெளிவாக உறையாமல் பசைபோல் தடிப்பதால், காற்றுக் குமிழிகள் உள்ளே சிக்கிக்கொள்கின்றன. மரவள்ளி மாவை உறைபொருளாக்குவோரும் உண்டு. ஆனால் மாவைச் சர்க்கரையாக்கும் என்சைமே பூஞ்சணத்தின் முதல் ஆயுதமாகையால், ஆஸ்பர்ஜில்லஸ் போன்றவற்றின் கீழ் அந்தக் கெட்டியான தளம் சில நாளில் நீராகக் கசிந்துவிடும். ஆகவே மாவைத் தனியே நம்பாமல், அகாரின் அளவைக் குறைத்து அதோடு மாவையோ இசப்கோலையோ சேர்த்துக் கையாள்வதே, இன்றைய நிலையில் கல்லூரிக் கூடங்களுக்கு நான் விதந்துரைக்கக்கூடிய வழி.

மேலும், பூஞ்சண வேலைகளில் பாதிக்கு மேற்பட்டவற்றுக்கு உறைபொருளே தேவையில்லை என்பதையும் நாம் எண்ணிப்பார்ப்பதில்லை. ஒரு வித்தைத் தனியே பிரித்தெடுத்துத் தூய்மையான வளர்ப்பைப் பெறுவதற்கும், கூட்டத்தின் உருவத்தைப் பார்த்து இனங்காண்பதற்கும் அகார்த் தளம் இன்றியமையாதது. அவ்வாறு பெற்ற வளர்ப்பைப் பெருக்குவதற்கு வேகவைத்த சோளமும் அரிசியும் போதும். அதைக் காத்துவைப்பதற்குத் தூய்மையாக்கிய வைக்கோல் துண்டோ பருத்திக் குச்சியோ குழாயில் இட்டாலும் போதும். எடை காண்பதற்குத் தவிட்டுநீரோ பயற்றுநீரோ வடிகட்டிய நீர்ம ஊடகமே அகாரைவிட மேலானது. இவ்வேலைகளையெல்லாம் அகார்த் தட்டிலேயே செய்துவருவது, தொடக்கத்தில் கற்ற பழக்கத்தின் தொடர்ச்சியேயன்றி, பூஞ்சணத்தின் தேவையால் ஏற்பட்டதன்று.